கேஸ் குறையவில்லை, காது கழன்றிருந்தது

தைப்பூசத்துக்கு ஐந்து நாள் இருந்தது. காலை நிகழ்ச்சியை முடித்து ஒலிபரப்புக் கூடத்தை விட்டு வெளியே வந்து கைப்பேசியைப் பார்த்தால், அத்தையிடமிருந்து பதினோரு அழைப்புகள். என் அத்தை சாதாரணமாக ஒரு முறைதான் அழைப்பார். எடுக்காவிட்டால் புலனத்தில் ஒரு குரல்பதிவு போட்டுத் திட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். பதினோரு அழைப்பு என்றால் விஷயம் பெரிது.

"கோல்ட் ரூம் மறுபடியும் படுத்துருச்சுமா. பத்து டிகிரி காட்டுது. இன்னிக்கு காலையிலதான் மல்லிப் பெட்டி வந்து இறங்கியிருக்கு."

கிள்ளானில் லிட்டில் இந்தியா பக்கம் போனவர்களுக்கு அந்தப் பூக்கடைகளின் வாசனை தெரியும். அத்தையின் கடையும் அங்கேதான். மாலை கட்டும் மேசைக்குப் பின்னால், கடையின் கடைசியில் ஒரு குளிரறை. பத்தடிக்கு எட்டடி இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வரும் மல்லி, கேமரன் மலையிலிருந்து லோரியில் வரும் செவ்வந்தி எல்லாம் அதற்குள்தான் போகும். 4 டிகிரியில் வைத்தால் பூ நாள் தாங்கும். 10 டிகிரியில் மல்லிகை மொட்டு பெட்டிக்குள்ளேயே விரிந்து, மறுநாள் பழுப்பாகிவிடும். தைப்பூச வாரத்தில் அத்தைக்கு வரும் ஆர்டர்தான் அடுத்த மூன்று மாதத்துக்குக் கடை வாடகை.

இது முதல் தடவையும் இல்லை. தீபாவளிக்கு முன் குழாயில் உண்மையாகவே ஓர் ஓட்டை விழுந்து கேஸ் போனது. அதைப் பற்றவைத்து, கேஸ் நிரப்பினார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, மறுபடியும் குளிர் போதவில்லை. "கேஸ் குறைஞ்சிருச்சு" என்று வந்தவர் 350 வெள்ளிக்கு ஊற்றினார். இரண்டு வாரம் கழித்து இன்னொரு 350. டிசம்பரில் கம்ப்ரசரே போய்விட்டது. புதியதற்கு 3,800 வெள்ளி. இப்போது அதே ஆள் வந்து பார்த்துவிட்டு, கம்ப்ரசர் மறுபடியும் சரியில்லை, வால்வும் போய்விட்டது, மொத்தமாக மாற்ற 5,200 ஆகும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நான் படித்தது ஊடகவியல். எனக்கும் கம்ப்ரசருக்கும் உள்ள தொடர்பு, வீட்டு ஏர்கோன் ரிமோட்டோடு முடிந்துவிடும். ஆனால் அப்பாவுக்கு ஒரு பழைய கூட்டாளி இருக்கிறார். முப்பத்தைந்து வருடம் குளிர்சாதன வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதிலிருந்தே எங்களுக்கு அவர் 'கூலிங் அங்கிள்'. அவரை அழைத்தேன். "எத்தனை தடவை கேஸ் ஊத்துனான்?" என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"காரு பெட்ரோலாமா அது, ஓடி ஓடித் தீர்றதுக்கு? மூடுன குழாய்க்குள்ள சுத்திக்கிட்டே இருக்கிறது. குறைஞ்சா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். ஒழுகுற இடத்தைக் காட்டாம ஊத்துறான்னா, அவன் பார்க்கலன்னு அர்த்தம். நான் வர்றேன்."

மதியம் இரண்டு மணிக்கு வந்தார். வந்தவர் உடனே கருவி எதையும் எடுக்கவில்லை. கடைக்குப் பின்சந்தில் இருக்கும் கம்ப்ரசரின் மேல் கையை வைத்தார். என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். சில்லென்று இருந்தது. வயிற்றுப் பக்கம் தண்ணீர் வியர்த்து வழிந்து, அடியில் சிமெண்ட் தரை நனைந்து கிடந்தது.

"குளிர வேண்டியது ரூமு. இங்க கம்ப்ரசர் குளிர்ந்துக்கிட்டு இருக்கு. இது கேஸ் குறைஞ்ச லட்சணம் இல்லமா. தேவைக்கு மேல உள்ள போகுது. போனது வேக முடியாம அப்படியே திரும்பி வருது."

'வேக முடியாமல்' என்று அவர் சொன்னது தற்செயல் இல்லை. குளிரறைக்குள் உண்மையில் நடப்பது கொதிப்புதான். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளியில் படித்தோம். அத்தையின் குளிரறையில் ஓடும் ஆர்134ஏ என்ற திரவத்தைத் திறந்து வைத்தால் −26 டிகிரியிலேயே கொதிக்கும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, எந்த டிகிரியில் கொதிக்க வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். குளிரறைச் சுருள் குழாய்க்குள் அது −5 டிகிரியில் கொதிக்கிறது. கொதிக்க வெப்பம் வேண்டுமல்லவா? அதைப் பூவிடமிருந்தும் அறைக் காற்றிலிருந்தும் உறிஞ்சிக்கொள்கிறது. கொதித்து ஆவியானதைக் கம்ப்ரசர் இழுத்து, அமுக்கி, வெளியே வெப்பத்தைக் கொட்டித் திரும்பத் திரவமாக்கி அனுப்புகிறது.

இதில் ஒரு கேள்வி இருக்கிறது. சுருளுக்குள் ஒரு நேரத்தில் எவ்வளவு திரவத்தை விடுவது? குறைவாக விட்டால் பாதிச் சுருளிலேயே ஆவியாகித் தீர்ந்து, மீதிக் குழாய் சும்மா கிடக்கும். கூடுதலாக விட்டால் கொதித்து முடியாமல் திரவமாகவே கம்ப்ரசருக்குப் போகும். ஆவியை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. கம்ப்ரசருக்குள் இருக்கும் எண்ணெயை அது கரைத்துக் கழுவிவிடும். உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகள் உடையும். அளவும் ஒரே மாதிரி இருக்காது. அத்தை கதவைத் திறந்து பத்துப் பெட்டி ஏற்றினால் ஒரு தேவை, நள்ளிரவில் எல்லாம் குளிர்ந்து கிடக்கும்போது வேறு தேவை. இந்த அளவைப் பார்த்துப் பார்த்து விடுவதுதான் எக்ஸ்பேன்ஷன் வால்வின் வேலை. உள்ளங்கைக்குள் அடங்கும் பித்தளைத் துண்டு. அதற்கு மின்சாரம் கிடையாது, மின்னணுச் சில்லும் கிடையாது.

பிறகு எப்படித் தெரிந்துகொள்கிறது? அங்கிள் அத்தையின் அடுப்பைக் காட்டினார். கடைப் பெண்களுக்காக அதில் கஞ்சி வெந்துகொண்டிருந்தது.

"சட்டியில தண்ணி இருக்கிற வரைக்கும் 100 தாண்டாது. தண்ணி வத்துன பிறகுதான் சூடு ஏறும், அடிப்பிடிக்கும். சரியா? அதேதான். சுருள்ல ஒரு சொட்டு திரவம் இருக்கிற வரைக்கும் −5. மொத்தமும் ஆவியான பிறகு, அந்த ஆவி சும்மா நடந்து வர்ற வழியில கொஞ்சம் சூடேறும். சுருள் முடியிற இடத்துல குழாய் +1 காட்டுச்சுன்னா, 6 டிகிரி கூட. அந்த ஆறுக்குப் பேரு சூப்பர்ஹீட்."

சூப்பர்ஹீட் என்றதும் நான் ஏதோ அனல் என்று நினைத்தேன். 1 டிகிரிக் குளிரில் இருக்கும் குழாய்க்குப் போய் அந்தப் பெயர்! ஆனால் அந்த ஒரே எண்தான் முழுக் கதையையும் சொல்கிறது. எண் பூஜ்ஜியம் என்றால் திரவம் கம்ப்ரசருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 15, 20 என்று போனால் சுருள் பட்டினி கிடக்கிறது. இந்த மாதிரிக் குளிரறைக்கு 5, 6 டிகிரி சுற்றி இருந்தால் நிம்மதி.

வால்வு அந்த எண்ணை எப்படிப் 'பார்க்கிறது' என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. வால்விலிருந்து முடி மாதிரி ஒரு மெல்லிய செம்புக் குழாய் கிளம்பி, சுருளின் வெளிவாசலில் விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் குப்பியில் முடியும். அதை 'பல்ப்' என்கிறார்கள், விளக்கு இல்லை. அதற்குள் கொஞ்சம் கேஸை அடைத்து மூடியிருப்பார்கள். குழாய் சூடேறினால் பல்புக்குள் அழுத்தம் ஏறும். அது வால்வின் தலையில் இருக்கும் மெல்லிய தகட்டைக் கீழே தள்ளும், வால்வு திறக்கும். சுருளுக்குள் இருக்கும் அழுத்தமும் ஒரு ஸ்பிரிங்கும் சேர்ந்து கீழிருந்து மேலே தள்ளும்; வால்வு மூடும். இந்த இழுபறியில்தான் திரவத்தின் அளவு நிற்கிறது. வாசல் வெதுவெதுப்பாக இருந்தால் 'போதவில்லை, இன்னும் விடு'. குளிர்ந்துவிட்டால் 'போதும், நிறுத்து'.

எங்கள் வேலையிலும் இப்படி ஓர் ஆள் உண்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்திருப்பார். வெளியே எப்படிக் கேட்கிறது என்று கேட்டு, உள்ளே என் ஒலியைக் கூட்டிக் குறைப்பார். அவருடைய ஹெட்ஃபோன் காதிலிருந்து நழுவிவிட்டது என்று வையுங்கள். சத்தம் குறைந்துவிட்டதாக நினைத்து ஏற்றிக்கொண்டே போவார். கேட்பவர் காது கிழியும். இதை அங்கிளிடம் சொன்னபோது சிரித்தார். "நல்லா சொன்ன. இப்ப அந்தக் காதைப் போய்ப் பார்ப்போம்" என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

முதலில் அளந்தார். அழுத்தமானியில் 30 பி.எஸ்.ஐ. ஆர்134ஏ அட்டவணைப்படி அது ஏறக்குறைய 2 டிகிரி. சுருள் வாசல் குழாயில் வெப்பமானியைக் கட்டினார். அதுவும் 2 டிகிரி. சூப்பர்ஹீட் பூஜ்ஜியம். நான்கு மாதமாக எத்தனை முறை ஆள் வந்து போனார்கள்! இந்தக் கழித்தல் கணக்கை ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை.

பிறகு குளிரறைக்குள் கூரையில் தொங்கும் விசிறிப் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். நான்கு திருகாணிதான். என் கைப்பேசி விளக்கை அடித்தேன். பல்ப் குழாயைத் தொட்டுக்கொண்டுகூட இல்லை. ஒரே ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையில், குழாய்க்குக் கீழே, விரலளவு விலகித் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே சுற்றியிருக்க வேண்டிய கறுப்பு ரப்பர் உறை இல்லை. அது கேட்டுக்கொண்டிருந்தது குழாயை அல்ல, 10 டிகிரி அறைக் காற்றை. அந்தக் காற்று 'சூடு, சூடு' என்று சொல்லச் சொல்ல, வால்வு வாயைத் திறந்தே வைத்திருந்தது.

தீபாவளிக்கு முன் ஓட்டையைப் பற்றவைத்தார்களே, அப்போது தீ படாமல் இருக்கப் பல்பைக் கழற்றியிருப்பார்கள் என்றார் அங்கிள். கழற்றியது சரி. திரும்பக் கட்டும்போதுதான் கையில் கிடைத்ததை வைத்துக் கட்டிவிட்டார்கள். பிளாஸ்டிக் குளிரில் விறைத்து, விசிறி அதிர்வில் மெல்ல மெல்லத் தளர்ந்திருக்கிறது.

அப்படியென்றால் கேஸ் குறைவு என்று ஏன் சொன்னார்கள்? ஏமாற்று வேலையா? அங்கிள் அவசரப்பட்டு அப்படிச் சொல்லவில்லை. திரவம் போகும் குழாயில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். அதில் குமிழி தெரிந்தால் கேஸ் குறைவு என்பது எல்லாரும் முதலில் படிக்கும் பாடம். ஆனால் வால்வு அகலத் திறந்து திரவம் மொத்தமும் சுருளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாலும் அந்தக் கண்ணாடியில் குமிழி வரும். "கண்ணாடியைப் பார்த்தான், ஊத்துனான். குமிழி போச்சு. சரியாயிருச்சுன்னு நினைச்சுட்டுப் போயிட்டான். ஊத்துனது அத்தனையும் கம்ப்ரசருக்குத்தான் போயிருக்கு." டிசம்பரில் செத்த கம்ப்ரசர் எதனால் செத்தது என்று அத்தை கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, கணக்குப் போட்டுவிட்டார். 700-ம் 3,800-ம்.

எனக்கு வந்த கோபம் அங்கிளுக்கு வரவில்லை. எனக்கு இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது. ஓட்டுநர் தவறான வழியில் போனால் ஒரு முறை மன்னிக்கலாம். அதே சந்துக்குள் மூன்றாம் முறை போனால், அவர் வழி பார்க்கவில்லை என்றுதானே பொருள்?

சரி செய்த விதம் அவ்வளவு சாதாரணம். குழாயை மணல் தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினார். நேராகப் படுத்திருக்கும் பகுதியில், மேல்புறத்தில் பல்பை ஒட்ட வைத்தார். பெரிய குழாயாக இருந்தால் கடிகாரத்தில் 4 மணி காட்டும் பக்கம் வைக்க வேண்டுமாம். எந்தக் குழாயிலும் அடியில் மட்டும் கூடாது. அடியில் எண்ணெய் ஓடும்; அது வெப்பத்தைச் சரியாகக் காட்டாது. இரண்டு பித்தளைப் பட்டைகளால் இறுக்கினார். மேலே தடித்த ரப்பர் உறையைச் சுற்றினார். கூடுதலாக இருந்த கேஸைத் தனி சிலிண்டருக்குள் இழுத்துக்கொண்டார். காற்றில் திறந்துவிடுவது பூமியைச் சூடாக்கும் வேலை என்று அத்தையிடம் விளக்கினார். அத்தைக்கு அப்போது பூமியைவிட மல்லி முக்கியமாக இருந்தது.

வால்வின் பக்கவாட்டில் ஒரு திருகாணி உண்டு. அதைத் திருப்பினால் ஸ்பிரிங் இறுகி சூப்பர்ஹீட் கூடும், தளர்த்தினால் குறையும். நான் அதைக் காட்டி, திருப்பப் போகிறீர்களா என்றேன். "எல்லாரும் முதல்ல அதைத்தான் திருப்புவான். பாவம் அது. காதைச் சரிபண்ணாம வாயைத் திருகி என்ன பண்றது?" என்றார். தொடவே இல்லை. தொடத்தான் வேண்டும் என்றால் கால் சுற்று, பிறகு கால் மணி நேரம் காத்திருந்து திரும்ப அளக்க வேண்டுமாம்.

காத்திருந்த நேரத்தில் வால்வு வேறு எப்படியெல்லாம் கெடும் என்று கேட்டேன். பல்பில் இருக்கும் கேஸ் கசிந்துபோனால், தள்ள ஆளில்லாமல் வால்வு மூடிக்கொள்ளும். அப்போது சுருளின் ஆரம்பத்தில் மட்டும் பனி படியும், மற்ற இடம் வறண்டு கிடக்கும். பல்பைக் கழற்றிக் கைக்குள் பொத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். கைச்சூட்டுக்கு வால்வு திறந்து அழுத்தம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அந்த வால்வின் மேல் சந்தேகப்படலாம். இன்னொன்று ஈரம். பழுது பார்க்கும்போது குழாயைச் சரியாக வெற்றிடம் செய்யாமல் விட்டால், உள்ளே தங்கிய ஒரு துளி நீர் வால்வின் ஊசித் துளையில் உறைந்து அடைத்துக்கொள்ளும். குளிர் நின்றுவிடும். அணைத்து வைத்தால் உருகி மறுபடி ஓடும். 'ஓடும், நிற்கும், ஓடும்' என்று பேய் பிடித்த மாதிரி நடக்கும். பற்றவைத்தபோது உதிர்ந்த கரியும் தூசியும் வால்வின் சல்லடையை அடைப்பதும் உண்டு.

நம் வீட்டு ஐஸ் பெட்டியில் இந்த வால்வு கிடையாது. அங்கே ஒரு நீளமான மெல்லிய குழாய்தான் அந்த வேலையைச் செய்கிறது. இன்வெர்ட்டர் ஏர்கோன்களில் பெரும்பாலும் மின்னணு வால்வு. ஆனால் உங்கள் காடியில் பெரும்பாலும் இதே வகை வால்வு இருக்கும், கையடக்கக் கட்டி வடிவத்தில். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, திடீரென்று வெறும் காற்றாகி, நிறுத்தி எடுத்தால் மறுபடி குளிர்கிறது என்று நேயர்கள் என்னிடம் அடிக்கடிப் புலம்புவதுண்டு. அந்த ஒரு துளி நீரும் ஒரு காரணமாக இருக்கலாம். பட்டறைக்குப் போகும்போது 'கேஸ் போடுங்க' என்று நீங்களே மருந்து எழுதிக்கொடுக்காமல், எப்போது நின்றது, எப்போது திரும்பியது என்று அறிகுறியைச் சொல்லுங்கள்.

பழைய வால்வின் மேல் பொறித்திருந்த டான்ஃபோஸ் என்ற பெயரை அன்றிரவு தேடிப் படித்தேன். மாட்ஸ் கிளவுசன் என்ற டென்மார்க் பொறியாளர், 1933-இல் ஆல்ஸ் தீவில் தம் பெற்றோரின் பண்ணைவீட்டில் தொடங்கிய தொழில் அது. ஆரம்பமே இந்த வால்வுகள்தான். தொண்ணூறு ஆண்டு தாண்டியும் தகடு, ஸ்பிரிங், பல்ப் என்ற அடிப்படை அப்படியே இருக்கிறது. அத்தை கடையில் இருந்ததும் ஒரு குறையும் இல்லாமல், சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அன்று இரவு பதினொரு மணி வரை அங்கிள் கடையிலேயே உட்கார்ந்திருந்தார். அறை முழுதாகக் குளிராமல் அளந்தால் அது அளவே இல்லை என்றார். அத்தை கொடுத்த தோசையைச் சாப்பிட்டுவிட்டு, மாலை கட்டும் பெண்களோடு கதை பேசிக்கொண்டிருந்தார். அறை 4 டிகிரி வந்தது. அழுத்தம் 20 பி.எஸ்.ஐ., அதாவது ஏறத்தாழ −5. குழாய் +1. ஆறு.

மூன்று பெட்டி மல்லி வீணாகிவிட்டது. மற்றவை பிழைத்துப் பத்துமலைக்குப் போயின. அங்கிள் வாங்கிய கூலி 150 வெள்ளி. புதிய கம்ப்ரசர் எப்படி என்று அத்தை கேட்டபோது அவர் ஆறுதல் சொல்லவில்லை. "மூணு வாரமா திரவம் குடிச்சிருக்கு. சத்தம் இப்போதைக்கு நல்லா இருக்கு. எத்தனை நாளைக்குன்னு நான் சொல்ல முடியாதுமா" என்றார்.

போவதற்கு முன் விசிறிப் பெட்டியின் மூடியில் மார்க்கர் பேனாவால் தேதியும், 20, −5, +1, 6 என்ற நான்கு எண்களும் எழுதிவிட்டுப் போனார். அத்தை இப்போது மாதம் ஒரு முறை அளக்கச் சொல்லி, அதற்குக் கீழே எழுதி வைக்கிறார். போன வாரம் வந்த புதிய பையனிடம், கேஸ் பேச்சை எடுக்கும் முன்பே "சூப்பர்ஹீட் எவ்வளவு தம்பி?" என்று கேட்டிருக்கிறார். அவன் பையைத் திறந்து வெப்பமானியைத் தேடியிருக்கிறான். இந்த மாதம் ஏழு.